கட்டைவிரல் காட்டினால் புரிந்ததாகுமா? பகாவ் பழ வியாபாரம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பகாவ், மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், ஜெம்போல் மாவட்டத்தில் இருக்கும் தோட்டப்புற நகரம். ஊரைத் தாண்டி எந்தப் பக்கம் போனாலும் எண்ணெய் பிழியும் செம்பனைதான். தோட்டக் கம்பெனிகளின் நிலம் ஒரு பக்கம், பெல்டா என்ற அரசு நிலத்திட்டக் குடியேற்றங்கள் இன்னொரு பக்கம், நடுநடுவே சில ஏக்கர் வைத்துப் பிழைக்கும் சிறுதோட்டக்காரர்கள். இவர்களிடம் பழம் வாங்கி, எடை போட்டு, லோரியில் ஏற்றி எண்ணெய் ஆலைக்கு அனுப்பும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வியாபாரத்தில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அவர்களுக்குக் கணக்குப் பார்ப்பவன் நான். பெயர்கள் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், வைக்கவில்லை.

அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டியவர். அப்புறம் சொந்தமாக ஒரு லோரி, பிறகு எடை நிலையமும் பழம் கொட்டும் மேடையும். அந்த மேடையை எல்லோரும் ‘ரேம்ப்’ என்பார்கள். இப்போது மூத்த மகன் முதலாளி. அலுவலகம் தங்கையின் கையில். எடை போட ஒரு கிராணி (எழுத்தர்), பழம் தரம் பார்க்க ஒருவர், நான்கு ஓட்டுநர்கள்: இரண்டு தமிழர், ஒரு மலாய்க்காரர், ஒரு இந்தோனேசியர். தமிழரில் மூத்தவர் அப்பா காலத்திலிருந்தே இருப்பவர். முதலாளி அவரை ‘மாமா’ என்பார். அவர் முதலாளியைத் ‘தம்பி’ என்பார். இந்த உறவுமுறையை நினைவில் வையுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

எனக்கு இதில் ஆர்வம் வந்தது ஆலைச் சீட்டுகளால். கணக்குப் புத்தகத்தில் ‘தவறாகப் புரிந்துகொண்டதால் ஆன செலவு’ என்று ஒரு தலைப்பு கிடையாது. அது டீசலில் கொஞ்சம், ஓவர்டைமில் கொஞ்சம், தரக்குறைவுக்கு ஆலை பிடிக்கும் கழிவில் கொஞ்சம் என்று ஒளிந்திருக்கும். மாதக் கடைசியில் எல்லாம் கூட்டிப் பார்க்கும்போது மட்டும் கை வைத்த இடத்தில் சுடும்.

அந்த வெள்ளிக்கிழமை

இவர்கள் பழம் அனுப்புவது இரண்டு ஆலைகளுக்கு. எதிரெதிர்த் திசை. அன்று மதியம் முதலாளி சிரம்பானிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு போட்டார். இரண்டு நிமிடத்துக்கு மேல். அதில் இருந்தவை, அவர் சொன்ன வரிசையிலேயே: டீசல் கார்டை யார் வைத்திருக்கிறார்கள்; புது டயர் எப்போது வரும்; ஒரு சிறுதோட்டக்காரரின் பழத்தை மற்றதோடு கலக்காமல் தனியாக வைக்க வேண்டும்; “அந்த மில்லுல பாய்லர் படுத்துருச்சாம், இன்னிக்கு அங்க வேணாம், இந்தப் பக்கம் விட்டுருங்க”; கடைசியாக, தீபாவளி முன்பணம் கேட்டவர்கள் திங்கட்கிழமை தங்கையைப் பார்க்கவும்.

பத்து நிமிடத்துக்குள் எல்லோரும் கட்டைவிரல் போட்டுவிட்டார்கள். முதலாளிக்கு நிம்மதி.

மூத்த ஓட்டுநர் நிறைந்த லோரியோடு நேராக மூடியிருந்த ஆலைக்குப் போனார். ‘அந்த மில்’ என்றால் முதலாளிக்குச் சற்று முன் தனக்குப் போன் பண்ணிய ஆலை. ஓட்டுநருக்கோ முந்தின வாரம் வரிசையில் வெகுநேரம் காய்ந்த ஆலை. அங்கே போனபோது வேறு லோரிகளும் நின்றன. எப்படியும் திறப்பார்கள் என்று இரவு வரை காத்திருந்தார். பழம் இறங்கியது மறுநாள் மதியத்துக்கு மேல், அதுவும் மற்ற ஆலையில். தனியாக வைக்கச் சொன்ன பழமும் அந்த லோரியிலேயே கலந்து போயிருந்தது.

செம்பனையில் நேரம் என்பது தரம். குலையை வெட்டி, தூக்கி, லோரியில் எறியும்போது பழம் அடிபடும். அடிபட்ட இடத்தில் லைப்பேஸ் என்ற நொதி எண்ணெயைச் சிதைக்க ஆரம்பிக்கும். கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறும். கச்சா எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது வியாபாரத்தில் இருக்கும் அளவு. அதனால்தான் வெட்டிய பழத்தை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குச் சேர்க்கப் பார்க்கிறார்கள். ஆலைக்காரர் கழிவு பிடித்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கட்டைவிரலுக்குப் பின்னால்

மறு வாரம் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினேன். முதலாளி உடன் இல்லாமல் பேசியதுதான் உதவியாக இருந்தது.

மலாய் ஓட்டுநருக்குத் தமிழ்க் குரல்பதிவு புரியவே புரியாது. வழக்கமாக இளைய தமிழ் ஓட்டுநர் பிறகு மலாயில் சொல்லிவிடுவார். அன்று அவர் விடுப்பு. அவரும் வீட்டிலிருந்தபடியே கட்டைவிரல் போட்டிருந்தார், கேட்காமலேயே. மலாய் ஓட்டுநர் போட்டதற்குக் காரணம், எல்லோரும் போட்டிருந்தார்கள் என்பதுதான். அவருடைய லோரி அன்று பட்டறையில் கிடந்ததால் தப்பித்தது. இந்தோனேசியர் முன்பணப் பேச்சு எங்கே வருகிறது என்று தேடி அதை மட்டும் கேட்டிருந்தார். அவரைத் தப்பு சொல்ல மாட்டேன்.

மூத்தவர்தான் முக்கியம். அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. “ரெண்டுல எதுன்னு ஒரு வாட்டி கேட்டுக்கலாம்னு நெனச்சேன். தம்பி கார் ஓட்டிக்கிட்டு இருக்கும்போது கூப்பிட்டா கத்துவாரு. ஒரு தடவ சொன்னா புரியாதான்னு ஒரு சொல் சொல்லிட்டா, இந்த வயசுல அதக் கேக்கணுமா?” என்றார்.

கட்டைவிரல் குறி எதற்கு ஒப்புதல் என்ற கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது, அதுவும் விளைபொருள் வியாபாரத்தில். கனடாவின் சஸ்காச்சவான் மாநிலத்தில் தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று, ஆளிவிதை ஒப்பந்தத்தைப் படமெடுத்து விவசாயி ஒருவருக்கு அனுப்பியது. அவர் கட்டைவிரல் குறி ஒன்றைத் திருப்பி அனுப்பினார். சரக்கு வரவில்லை. செய்தி கிடைத்தது என்றுதான் அர்த்தம், ஒப்புக்கொண்டேன் என்று இல்லை என்பது விவசாயியின் வாதம். 2023இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முந்தைய ஒப்பந்தங்களிலும் இப்படிச் சுருக்கமாகத்தான் அவர் பதில் போட்டிருந்தார், சரக்கும் கொடுத்திருந்தார் என்று பார்த்து, சுமார் 82,000 கனடிய டாலர் நட்டஈடு தீர்ப்பானது. இதை முதலாளியிடம் சொன்னபோது சிரித்தார். பிறகு தன் குழுவில் உள்ள கட்டைவிரல்களை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘கிடைத்தது’, ‘கேட்டேன்’, ‘புரிந்தது’, ‘செய்கிறேன்’ எல்லாவற்றுக்கும் ஒரே குறி. விமானத்துறை இதற்குக் கொடுத்த விலை பெரியது. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். ஒரு விமானம் புறப்படுவதாகச் சொன்னதற்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் முதலில் சொன்ன பதில் ‘ஓகே’. அதற்கடுத்து, காத்திருக்கச் சொன்ன பகுதி வானொலி இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை. அந்த விமானத்தின் பொறியாளர், ஓடுபாதையில் இன்னொரு விமானம் இருக்கிறதோ என்று கேட்டிருக்கிறார். மூத்த விமானி தட்டிவிட்டார். அதன் பிறகுதான் அனுமதியைத் திருப்பிச் சொல்வதும், சொற்களை நிலையாக வைத்துக்கொள்வதும், கீழே இருப்பவர் மேலே இருப்பவரைக் கேள்வி கேட்கப் பழக்குவதும் உலகம் முழுக்க இறுகின.

அந்தப் பொறியாளரின் இடத்தில்தான் நம் மூத்த ஓட்டுநர் இருந்தார். சந்தேகம் இருந்தது, சொல்ல வழியில்லை.

‘அந்த மில்’

முதலாளி முதலில் ஒப்பவில்லை. “நான் தெளிவாத்தான் சொன்னேன்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் தலைக்குள் அது தெளிவாகத்தான் இருந்தது.

1990இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் செய்த ஆய்வு இதைத்தான் காட்டியது. ஒருவர் பிரபலமான பாட்டு ஒன்றை மேசையில் விரலால் தட்ட, எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள் பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 120 பாட்டில் கண்டுபிடித்தது 3. தட்டுகிறவர் காதில் பாட்டு முழுதாக ஓடுகிறது. எதிராளிக்கு வெறும் ‘டொக் டொக்’. முதலாளியை உட்கார வைத்து, அவருக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றை மேசையில் தட்டச் சொன்னேன். தங்கை திணறினார். வாதம் அத்தோடு முடிந்தது.

இந்த வட்டாரத்தில் ஊர்ப் பெயரே ஆளைக் கவிழ்க்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செர்த்திங் வேறு, செர்த்திங் ஹிலிர் வேறு. பகாவுக்குப் பக்கத்தில் ஒரு ரொம்பின், பகாங்கில் ஒரு ரொம்பின். பாலோங் என்றால் எத்தனையாவது பாலோங் என்று கேட்டாக வேண்டும். இங்கே ‘அந்த’, ‘இந்த’ என்று பேசினால் லோரி திசை மாறத்தான் செய்யும்.

செய்து பார்த்தவை

முதலில் தங்கை அச்சடித்த படிவம் கொண்டுவந்தார். யார், எங்கே, எப்போது, என்ன சரக்கு என்று கட்டம் கட்டமாக. ஒரு வாரத்தில் அது டேஷ்போர்டில் நாசிலெமாக் பொட்டலத்துக்கு அடியில் போய்விட்டது.

அடுத்தது, சொன்னதைத் திருப்பிச் சொல்வது. விமானிகள் செய்வதுதானே, நாமும் செய்வோம் என்று ஆரம்பித்தோம். தங்கை போனில் மூத்தவரிடம், “சொன்னத ஒரு தடவ திருப்பிச் சொல்லுங்க மாமா” என்றார். “நான் என்ன ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையா?” என்று போனை வைத்துவிட்டார். அன்று முழுக்க எந்தச் செய்திக்கும் பதில் இல்லை, கட்டைவிரல்கூட இல்லை.

இங்கேதான் மருத்துவமனைப் பழக்கம் ஒன்று கைகொடுத்தது. மருந்தை எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்வது அங்கேயும் உண்டு. ஆனால் கேட்கும் விதத்தைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: உங்களுக்குப் புரிந்ததா என்று சோதிக்காதே, நான் சரியாகச் சொன்னேனா என்று என்னைச் சோதிக்கிறேன் என்று சொல். பாரம் சொன்னவர் மேல் போக வேண்டும். முதலாளியே மறுநாள் கூப்பிட்டார். “மாமா, நான் வண்டி ஓட்டிக்கிட்டே பேசுறேன், எதையாவது விட்டுட்டேனான்னு பாருங்க. இப்ப எங்க போறீங்க, யார் பழம் இருக்கு?” மூத்தவர் இரண்டையும் சொன்னார். அதோடு நிற்காமல், “அந்தப் பாலத்துக்கிட்ட ரோட்டு வேலை நடக்குது தம்பி, சுத்தித்தான் போகணும், அரை மணி நேரம் கூடவே ஆகும்” என்றார். முதலாளிக்கு அது அதுவரை தெரியாது.

கேட்கும் முறை மாறியதும் தகவல் இரண்டு பக்கமும் ஓட ஆரம்பித்தது. இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். கருவியைவிட, அதை யார் யாரிடம் எந்த முறையில் எடுக்கிறார்கள் என்பதுதான் அது வேலை செய்யுமா செய்யாதா என்பதைத் தீர்க்கிறது. டச்சு ஆய்வாளர் கீர்ட் ஹோஃப்ஸ்டெட் தொகுத்த நாட்டு வரிசையில், அதிகார இடைவெளி, அதாவது மேலே இருப்பவரின் அதிகாரத்தைக் கீழே இருப்பவர் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார் என்ற அளவில் மலேசியா 104 புள்ளிகளோடு உச்சியில் இருக்கிறது. அந்தத் தரவு ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்தது. லோரி ஓட்டுநர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் இது புது விஷயமில்லை. துரை, கிராணி, மண்டோர், அப்புறம்தான் தொழிலாளி. கேள்வி மேலிருந்து கீழே வரும், பதில் மட்டும்தான் கீழிருந்து மேலே போகும்.

குரல்பதிவை நிறுத்தச் சொல்லவில்லை. எழுத்தைவிடக் குரல் இவர்களுக்கு வசதி. கையில் பழச் சாறு, கண்ணாடி வேறு போட வேண்டும். ஒரு பதிவுக்கு ஒரு விஷயம் என்று மட்டும் வைத்தோம். முதல் மூச்சிலேயே ஆளின் பெயர், ஆலையின் முழுப் பெயர், நேரம். ‘காலையில மானேஜர் கூப்பிட்டாரு, நான் அப்ப குளிச்சிக்கிட்டிருந்தேன்’ என்ற கதை கடைசியில், விருப்பப்பட்டால். கூடவே தங்கை மலாயில் ஒரு வரி எழுதிவிடுவார், நான்கு பேருக்கும் பொது மொழி அதுதான்.

இன்று ஒரு லோரி போகும் இடம் மாறுகிறது என்றால் செய்தி கூடாது, போன்தான். ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் பிடிப்பது இந்த நாட்டில் குற்றம். செய்தி எப்போது பார்க்கப்படும் என்பது யாருக்கும் தெரியாது. அதைவிட எளிதான ஒன்றைக் கிராணிதான் சொன்னார். லோரி ரேம்பை விட்டுக் கிளம்பும்போது கொடுக்கும் எடைச் சீட்டின் மேல், தடித்த மார்க்கர் பேனாவால் ஆலையின் பெயரைப் பெரிதாக எழுதிவிடுவது. எழுதும்போது வாயாலும் சொல்லிக் கேட்டுக்கொள்வது. ஐந்து வினாடி வேலை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

எழுத்தில் தெரியாத முகம்

தங்கைக்குச் சுருக்கமாக எழுதும் பழக்கம். ‘ஏன் லேட்?’ ‘எங்க?’ அவ்வளவுதான். அவர் மனதில் அது சாதாரண விசாரிப்பு. இளைய ஓட்டுநர் அதைத் திட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தார். ஜஸ்டின் குரூகரும் கூட்டாளிகளும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மின்னஞ்சலில் தாங்கள் கிண்டலாகச் சொன்னதா நிஜமாகச் சொன்னதா என்பது படிப்பவருக்கு 78 விழுக்காடு புரியும் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள். புரிந்தது 56 விழுக்காடு. காசைச் சுண்டிப் பார்த்தாலே பாதி சரியாக வருமே! அதே வாசகத்தைக் குரலில் சொன்னபோது 73 விழுக்காடு. தங்கை இப்போது ‘வரிசை நீளமா அண்ணே? எத்தனை மணிக்குத் திரும்புவீங்க?’ என்று காரணத்தையும் தேவையையும் சேர்த்து எழுதுகிறார்.

இதே தங்கை சிரம்பானில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய், பேச்சில் 7 விழுக்காடுதான் வார்த்தை, மீதி 93 குரலும் உடல்மொழியும் என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். இதை நம்பி ஏமாறாதீர்கள். ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967இல் செய்த ஆய்வுகள் தனிச் சொற்களைச் சொல்லும்போது விருப்பு வெறுப்பு எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றியவை. பொதுவான பேச்சுக்கு இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். எந்த ஆலைக்குப் போக வேண்டும் என்பதை 93 விழுக்காடு முகபாவத்தில் சொல்ல முடிந்தால் சொல்லிப் பாருங்கள்.

ரேம்பில் சண்டை

சிறுதோட்டக்காரர்களோடு வரும் தகராறு இரண்டு வகை. ஒன்று தரம். ‘காய் அதிகம்’ என்று தரம் பார்ப்பவர் சொல்வார், ‘எல்லாம் பழுத்ததுதான்’ என்று கொண்டுவந்தவர் சொல்வார். இருவரும் நிறத்தைப் பற்றியே பேசுவார்கள். நிறம் வெயிலுக்கும் கண்ணுக்கும் மாறும். மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் தர வழிகாட்டி எண்ணிப் பார்க்கிற மாதிரி ஓர் அளவு வைத்திருக்கிறது: பழுத்த குலையில் குறைந்தது பத்துப் பழமாவது உதிர்ந்த குழி இருக்க வேண்டும். இப்போது தரம் பார்ப்பவர் குலையைத் திருப்பிப் போட்டு, கொண்டுவந்தவரையே எண்ணச் சொல்கிறார். “நீங்களே எண்ணுங்க ஐயா” என்ற பிறகு குரல் உயர்வது வெகுவாகக் குறைந்துவிட்டது. அவர் எண்ணி ஆறு என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரோடு சண்டை போடுவார்?

இன்னொன்று விலை. ‘அங்கே கூடக் கொடுக்கிறான், நீ குறைக்கிறாய்.’ விலை வருவது ஒரு பெருக்கலில்: எண்ணெய் பிழிவு ஒரு விழுக்காட்டுக்கு வாரியம் அறிவிக்கும் விலை, அதோடு பழத்தின் பிழிவு விழுக்காடு, அதாவது பழ எடையில் எத்தனை விழுக்காடு எண்ணெய் கிடைக்கும் என்பது. உதாரணத்துக்கு ஒரு விழுக்காட்டுக்கு 40 ரிங்கிட், பிழிவு 20 என்றால் டன்னுக்கு 800. இதில் லோரிக் கூலியும் கடையின் பங்கும் கழியும். முன்பு கடைசித் தொகையை மட்டும் பலகையில் எழுதுவார்கள். இப்போது மூன்று வரியாக எழுதுகிறார்கள்: பெருக்கி வந்த விலை, லோரிக் கூலி, கடையின் பங்கு. முதலாளிக்கு இதில் தயக்கம் இருந்தது, தன் பங்கை ஊருக்குக் காட்டுவதா என்று. காட்டியதும் பேரம் நிற்கவில்லை. ஆனால் பேரம் அந்த மூன்றாவது வரியைப் பற்றி மட்டும் நடக்கிறது. பழத்தைத் தனியாக வைக்கச் சொன்ன சிறுதோட்டக்காரர் மட்டும் திரும்பி வரவில்லை. முதலாளி நேரில் போய் மன்னிப்புக் கேட்டும், மரியாதையாகக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

பெரட்டு

அலுவலகத்தில் வாரக் கூட்டம் போட்டுப் பார்த்தார்கள். ஏர்கோனில் உட்கார்ந்து எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மூத்தவர்தான், “பெரட்டு மாதிரி காலையில நின்னுக்கிட்டே பேசிருவோமே” என்றார். இருட்டு விலகுமுன் தோட்டத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நிரை என்று பிரித்துக்கொடுப்பார்களே, அது. அதில் நல்லது, சொல்வதை முகம் பார்த்துச் சொல்வது. கெட்டது, யாரும் வாய் திறக்க முடியாது. இவர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு, வரிசையைத் தலைகீழாக்கினார்கள். லோரிகளுக்குப் பக்கத்தில், எஞ்சின் போடுமுன், முதலில் பேசுவது ஓட்டுநர்கள்: நேற்று என்ன மாட்டியது, இன்று என்ன மாட்டக்கூடும். முதலாளி கடைசி. பேசாமல் இருப்பது அவருக்குப் பெரிய பாடு. பாதியில் குறுக்கிடுவார், தங்கை ஒரு பார்வை பார்ப்பார், நிறுத்திக்கொள்வார். இந்தோனேசியர் முதல் சில வாரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் பிரேக்கில் ஒரு சத்தம் வருகிறது என்றார். பட்டறையில் பார்த்தபோது பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. முதலாளி இன்னும் சில இரவுகளில் நீளமான குரல்பதிவு போடுகிறார். விடுப்பில் இருப்பவர்கள் இன்னும் கேட்காமல் கட்டைவிரல் போடுகிறார்கள். ஆலையில் பாய்லர் நின்றால் அந்தச் செய்தி சிறிய வியாபாரிகளுக்குக் கடைசியாகத்தான் வருகிறது. அதை இவர்களால் மாற்ற முடியாது. தங்கை ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு ஆலை அலுவலகங்களுக்கும் அவரே போன் செய்து, வரிசை எவ்வளவு, எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்று இரண்டே கேள்வி கேட்கிறார். இப்போது ஓர் ஆலையின் கிராணி, ஏதாவது பழுதென்றால் அவரே முந்திக்கொண்டு கூப்பிட்டுவிடுகிறார்.